உருளைக்கிழங்கு மேயர்: டெட்ராய்ட் நகரின் ஹேசன் பிங்கிரி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு நான்கு முறை தொடர்ந்து மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹேசன் பிங்கிரி என்பவரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் ஒரு காலணித் தொழிற்சாலையின் முதலாளி. நகராட்சியின் செலவைக் குறைத்து, வரிச்சுமையையும் குறைப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஊரின் பணக்காரர்கள் அவரை 1889ஆம் ஆண்டு தேர்தலில் நிறுத்தினார்கள். ஆனால் ஏழே ஆண்டுகளில் அதே பணக்காரர்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவும் மறுத்தார்கள். அவர்களுடைய ஆலைகளில் கூலிக்கு உழைத்தவர்களோ அவரைத் தங்கள் வீட்டு மனிதராக எண்ணினார்கள். இந்த மாற்றம் எந்தக் கொள்கை நூலையும் படித்ததால் வந்ததன்று. தெருவில் பதித்த கட்டை, டிராம் வண்டிக் கட்டணம், எரிவாயு விலை, பள்ளிக்கு வாங்கிய மேசை நாற்காலி என்று மேயரின் மேசைக்கு வந்த ஒவ்வொரு கோப்பையும் அவர் அக்கறையோடு பிரித்துப் பார்த்ததால் வந்தது. என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான்.

பிங்கிரி 1840ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், டென்மார்க் என்ற சிற்றூரில், ஓர் எளிய உழவர் வீட்டில் பிறந்தார். பள்ளிப் படிப்பு நீளவில்லை. பதினான்கு வயதில் சாக்கோ என்ற ஊரில் பருத்தி ஆலை வேலைக்குப் போனார். பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாப்கின்டன் நகரில், ஒரு காலணித் தொழிற்கூடத்தில் தோல் வெட்டும் வேலையைக் கற்றுக்கொண்டார். தோல் வெட்டுபவரின் கை கொஞ்சம் தவறினாலும் முதலாளிக்கு நட்டம் என்பதால், அந்த வேலையில் கண்ணும் கணக்கும் சேர்ந்தே பழகும். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1862ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, அவர் மாசசூசெட்ஸ் கனரகப் பீரங்கிப் படையின் முதல் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். 1864ஆம் ஆண்டு மே மாதம் தென்மாநிலப் படையினரிடம் பிடிபட்டார். போர்க்கைதியாக அவர் அடைக்கப்பட்ட இடங்களில் ஒன்று ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் முகாம். அந்த முகாமின் பெயரைக் கேட்டாலே அமெரிக்கர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். கூரையற்ற வெட்டவெளியில், ஒரே ஓடையிலிருந்து குடிநீரையும் எடுத்து அதிலேயே கழிவையும் விடும் நிலையில், சுமார் பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ 45,000 கைதிகள் அங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்களில் 13,000 பேரளவில் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். பிங்கிரி பின்னர் மில்லன் என்ற மற்றொரு முகாமுக்கு மாற்றப்பட்டார். கைதிகள் பரிமாற்றத்துக்காகப் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்பட்டபோது, வேறொரு சிப்பாயின் பெயருக்குத் தாம் குரல் கொடுத்து அங்கிருந்து வெளியேறினார் என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. உயிர் தப்பியவர் ஊருக்குத் திரும்பி ஓய்வெடுக்கவில்லை. மீண்டும் தம் படைப்பிரிவில் சேர்ந்து, போர் முடியும்வரை களத்திலேயே இருந்தார்.

சிறை முகாமில் உடன் இருந்த மிச்சிகன் மாநிலத்துச் சிப்பாய்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசியதைக் கேட்டு, போர் முடிந்த கையோடு 1865இல் அவர் டெட்ராய்டுக்கு வந்து சேர்ந்தார். முதலில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில், சார்லஸ் ஸ்மித் என்ற நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, நொடித்துக் கிடந்த ஒரு சிறு காலணித் தொழிற்கூடத்தை 1,360 டாலருக்கு வாங்கினார். இருபது ஆண்டுகளில் பிங்கிரி அண்ட் ஸ்மித் நிறுவனம் எழுநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுடன், ஆண்டுக்கு ஐந்து லட்சம் சோடிக் காலணிகள் செய்யும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1887இல் தீ விபத்தில் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. அதையும் எழுப்பிக் கட்டினார். இப்படியாகத் தோல் வெட்டும் தொழிலாளி ஊரின் முதல் வரிசைப் பணக்காரர்களில் ஒருவரானார். வுட்வர்ட் அவென்யூவில் பெரிய வீடும், பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குடும்பத்துக்கென்று தனி இருக்கையும், வங்கி ஒன்றின் இயக்குநர் பதவியும் அவரைத் தேடி வந்தன.

1880களின் இறுதியில் டெட்ராய்ட் நகராட்சி ஊழலில் ஊறிக் கிடந்தது. ஜனநாயகக் கட்சியின் பிடியில் இருந்த அந்த நகரில், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வணிகர்கள் கூடி, நிர்வாகம் தெரிந்த ஒரு தொழிலதிபரை நிறுத்தினால் வெல்லலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான் பிங்கிரி. அரசியலில் அவருக்கு முன் அனுபவம் எதுவும் இல்லை. பேச்சிலும் நயம் கிடையாது. ஆனால் ஜெர்மானியரும் போலந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் குடியிருந்த பகுதிகளுக்கெல்லாம் நேரில் போய், அவர்களோடு அமர்ந்து பேசி வாக்குக் கேட்டார். அதற்கு முன் அவருடைய கட்சிக்காரர்கள் அந்தத் தெருக்களை எட்டிப் பார்த்ததே இல்லை. அப்போது பதவியில் இருந்த ஜான் பிரிஜன் என்ற மேயரைத் தோற்கடித்து, 1890 ஜனவரியில் பதவியேற்றார். அந்த ஆண்டு கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 2,05,876.

புதிய மேயர் முதலில் கை வைத்தது தெருக்களில். அன்றைய டெட்ராய்டின் தெருக்களில் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை. தேவதாரு மரத்தைக் குறுக்கே உருளை உருளையாக அறுத்து, மணலும் பலகையும் பரப்பிய தரையில் நெருக்கமாக நிறுத்தி வைத்து, இடையிலுள்ள சந்துகளைச் சரளையும் தாரும் இட்டு நிரப்புவார்கள். புதிதாகப் போட்டபோது குதிரைக் குளம்புக்கு இதமாக இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் கட்டை அழுகும். கீழே உறுதியான தளம் இல்லாததால் வண்டிச் சக்கரம் ஏறிய இடமெல்லாம் பள்ளம் விழும். கனமழையில் கட்டைகள் பெயர்ந்து மிதக்கும். கோடை வெயிலில் சில இடங்களில் தீப்பிடிக்கவும் செய்யும். அழுகிய தெருவைப் பெயர்த்துவிட்டு அதே மரக்கட்டையைத்தான் மறுபடியும் பதிப்பார்கள், ஏனெனில் சீக்கிரம் அழுகும் தெருதான் ஒப்பந்தக்காரருக்கு ஓயாத வருமானம்.

இதை வெளியிலிருந்து பார்த்தவர்கள் நகராட்சியின் மெத்தனம் என்று நினைத்திருப்பார்கள். தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்த்துப் பழகிய பிங்கிரிக்கு இது வேறு விதமாகத் தெரிந்தது. தெரு போடும் ஒப்பந்தக்காரர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலை குறிப்பதையும், நகர்மன்ற உறுப்பினர்கள் அதற்குத் துணைபோவதையும் அவர் கண்டுபிடித்தார். கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல்லோ நிலக்கீலோ போட்டால் அன்றி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட மாட்டேன் என்று உறுதியாக நின்றார். கழிவுநீர்க் குழாய்களில் மட்டமான சிமெண்டைக் கலந்திருந்ததையும் தோண்டி எடுத்துக் காட்டினார். அவர் பதவியில் இருந்த காலத்திலேயே, நாட்டின் மோசமான சாலைகளுக்குப் பெயர் போன டெட்ராய்ட், நல்ல சாலைகளுக்குப் பெயர் எடுத்தது. இதுவரை அவரை நிறுத்திய வணிகர்களுக்கும் மகிழ்ச்சிதான். மனக்கசப்பு தொடங்கியது டிராம் வண்டியில்.

அன்றைய டெட்ராய்டில் தொழிலாளி வேலைக்குப் போக டிராம் வண்டியை விட்டால் வேறு வழியில்லை. மற்ற பெருநகரங்களில் மின்சார டிராம் வந்துவிட்ட பிறகும், டெட்ராய்டில் பெரும்பாலான தடங்களில் குதிரைகளே வண்டியை இழுத்துக்கொண்டிருந்தன. தெருவைப் பயன்படுத்தும் உரிமத்தைத் தன் கையில் வைத்திருந்த நிறுவனத்துக்குப் போட்டி கிடையாது. ஆகவே புதிய வசதியைக் கொண்டுவர அவசரமும் கிடையாது. 1891 ஏப்ரலில், சங்கம் அமைத்த தொழிலாளர்களை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. வண்டியோட்டிகளும் நடத்துநர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மறுநாளே ஊர்மக்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அடுப்பு செய்யும் தொழிற்சாலைகளிலிருந்து தொழிலாளர்கள் கூட்டமாக வந்தார்கள், தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், வண்டிகளைக் கவிழ்த்தார்கள். கடை வைத்திருந்தவர்களும் அலுவலகத்துக்குப் போகிறவர்களும்கூட நிறுவனத்தின்மேல் இருந்த கோபத்தில் அந்தக் கூட்டத்துக்கு ஆதரவாக இருந்தார்கள்.

நிறுவனத்தினர் மேயரிடம் ஓடிவந்து, மாநிலப் படையை வரவழைக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் வேலைநிறுத்தம் என்றால் துப்பாக்கியோடு படை இறங்குவது வாடிக்கை. எந்த ஊர் மேயரும் ஆளுநரும் இரண்டாம் முறை யோசிக்க மாட்டார்கள். பிங்கிரி மறுத்துவிட்டார். பேச்சுவார்த்தைக்கு வாருங்கள், நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். சிறைமுகாமில் மனிதர்கள் சாவதை நாள்தோறும் பார்த்த ஒருவர், சொந்த ஊரின் தெருவில் சிப்பாய்களை நிறுத்தித் தொழிலாளர்களைச் சுட விடுவதற்கு மனம் ஒப்பவில்லை என்று நான் கருதுகிறேன். வேறு வழியின்றி நிறுவனம் நடுவர் தீர்ப்புக்கு இணங்கியது, வேலைநிறுத்தம் முடிந்தது.

அதே ஆண்டில், நிறுவனத்தின் தெரு உரிமத்தை மேலும் முப்பது ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் தீர்மானத்தை நகர்மன்றம் நிறைவேற்றியது. பிங்கிரி தம் தடையதிகாரத்தைப் பயன்படுத்தி அதைத் திருப்பி அனுப்பினார். பொதுக்கூட்டம் கூட்டி ஊர்மக்களிடம் நியாயம் கேட்டார். நீட்டிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மோதலில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். நகர்மன்ற உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுப்பவர்கள் எங்கோ இருந்து வந்த அயோக்கியர்கள் அல்லர். டிராம் நிறுவனத்தின் பங்குகளையும், எரிவாயு நிறுவனத்தின் பங்குகளையும், மின்விளக்கு நிறுவனத்தின் பங்குகளையும் வைத்திருந்தவர்கள், தேவாலயத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்தவர்கள். அவரை மேயர் தேர்தலுக்கு நிறுத்திய அதே கட்சியின் பெரிய மனிதர்கள். மிச்சிகன் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற செனட்டருக்கும் டிராம் நிறுவனத்தாருக்கும் நெருங்கிய வணிகத் தொடர்பு இருந்தது. லஞ்சம் வாங்கும் உறுப்பினரைத் தண்டிப்பதால் மட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை, லஞ்சம் கொடுக்கத் தூண்டும் ஏகபோக உரிமையிலேயே நோய் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஒரு முதலாளி தம் வர்க்கத்தாரைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு வருவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அதன் விலையும் உடனே கேட்கப்பட்டது. வங்கி இயக்குநர் பதவி பறிபோனது. தேவாலயத்தில் குடும்பத்துக்கு இருந்த இருக்கையும் கைவிட்டுப் போனது. நாளிதழ்களில் பல அவருக்கு எதிராகத் திரும்பின. பழைய நண்பர்கள் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேயரின் மனைவி பிரான்சஸும் மூன்று குழந்தைகளும் இதையெல்லாம் சேர்ந்தே அனுபவித்தார்கள். பொதுவாழ்வில் ஒருவர் எடுக்கும் முடிவின் சுமையை வீட்டிலுள்ளவர்கள் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதை வரலாற்று நூல்கள் அதிகம் எழுதுவதில்லை.

எரிவாயு, மின்விளக்கு ஆகிய இரண்டிலும் அவர் நடத்திய போராட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பதவிக்கு வந்தபோது ஆயிரம் கன அடி எரிவாயுவுக்கு ஒன்றரை டாலர் கொடுத்துக்கொண்டிருந்த டெட்ராய்ட் மக்கள், படிப்படியாக 80 சென்ட் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். தெருவிளக்கைப் பொறுத்தவரை, தனியாரிடம் ஒப்பந்தம் போடுவதை விட்டு நகராட்சியே சொந்தமாக மின்நிலையம் கட்டிக்கொள்ளலாமா என்ற கேள்வியை வாக்காளர்கள் முன் வைத்தார். மக்கள் பெருவாரியாக ஆதரித்தார்கள். 1895இல் நகராட்சியின் சொந்த மின்நிலையம் ஒளி தரத் தொடங்கியது. அதற்கு முன் ஆன செலவைவிடக் குறைவான செலவில்.

பள்ளிக்கூட வாரியத்தில் அவர் நுழைந்த கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். பள்ளிகளுக்கு மேசை நாற்காலி வாங்கும் ஒப்பந்தத்தைக் கொடுக்க வாரிய உறுப்பினர்கள் சிலர் பணம் வாங்குகிறார்கள் என்ற செய்தி மேயருக்கு எட்டியது. அவர் வாய்வார்த்தையாகக் குற்றம் சாட்டாமல், பொறுமையாக இருந்து ஆதாரம் திரட்டினார். 1894 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, வாரியக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மேயர் உள்ளே வந்தார். உறுப்பினர்களைப் பார்த்து, உங்களில் லஞ்சம் வாங்கியவர்கள் இப்போதே பதவி விலகிவிடுங்கள், இல்லாவிட்டால் இன்றிரவே கைது செய்யப்படுவீர்கள் என்ற பொருள்படப் பேசினார். யாரும் எழவில்லை. காவலர்கள் உள்ளே வந்தார்கள். நான்கு உறுப்பினர்கள் அந்தக் கூட்ட அறையிலிருந்தே சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிள்ளைகள் உட்காரும் பலகையில் கமிஷன் அடித்தவர்களை அவர் மன்னிக்கத் தயாராக இல்லை.

டிராம் போராட்டம் மட்டும் அவருடைய பதவிக்காலம் முழுவதும் நீண்டது. பழைய நிறுவனத்தின் ஐந்து சென்ட் கட்டணத்தை மூன்று சென்டாகக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி வாங்கும் தொழிலாளி போகவும் வரவும் பத்து சென்ட் செலவழித்தால், கூலியில் பத்தில் ஒரு பங்கு வண்டிக்கே போய்விடும். பழைய நிறுவனம் இறங்கி வராததால், புதிய நிறுவனம் ஒன்றுக்குக் குறைந்த கட்டண நிபந்தனையோடு உரிமம் கொடுத்தார். 1895 ஜூலையில், இருபத்தைந்து சென்டுக்கு எட்டுச் சீட்டு என்ற விலையில் அதன் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கின. இந்தப் போட்டியில் பழைய நிறுவனத்தின் சார்பில் அவரை எதிர்த்து நின்றவர் டாம் ஜான்சன் என்ற திறமையான முதலாளி. இருவரும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். அந்த ஜான்சன்தான் பின்னர், 1901இல், கிளீவ்லாந்து நகரின் மேயராகி, அந்நகர மக்களுக்காக அதே மூன்று சென்ட் கட்டணத்துக்கு எட்டு ஆண்டுகள் போராடினார். எதிராளியிடம் கற்றுக்கொள்ளும் பெருந்தன்மை அவருக்கும் இருந்திருக்கிறது.

இப்போது பிங்கிரியின் பெயரை அமெரிக்கா முழுவதும் கொண்டுபோன உருளைக்கிழங்குக்கு வருகிறேன்.

1893இல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. வங்கிகள் மூடப்பட்டன, இருப்புப்பாதை நிறுவனங்கள் திவாலாயின. டெட்ராய்டில் இரயில் பெட்டி செய்யும் ஆலைகளும் அடுப்புத் தொழிற்சாலைகளும் ஆட்களை வெளியே அனுப்பின. அந்தக் குளிர்காலத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் வருமானமின்றி நின்றன. போலந்துக்காரரும் ஜெர்மானியரும்தான் அதிகம் அடிபட்டார்கள். கடைசியாக வேலைக்கு வந்தவர்களை முதலில் வெளியே அனுப்புவது எங்கும் உள்ள வழக்கந்தானே. நகராட்சியின் ஏழைகள் நிவாரண நிதி கரைந்துகொண்டே போனது. சாலை, கழிவுநீர்க் குழாய் என்று பொதுப்பணிகளைத் தொடங்கி மேயர் சிலருக்கு வேலை கொடுத்தார். அது போதவில்லை. அடுத்த குளிர்காலத்தை எப்படிக் கடப்பது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

நகரின் விளிம்பில் ஏக்கர் கணக்கில் காலிமனைகள் கிடந்தன. விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவர்கள் அவற்றைப் புல் மண்டவிட்டிருந்தார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஆண்களிலும் பெண்களிலும் பலர் ஐரோப்பாவின் கிராமங்களில் மண்ணைக் கொத்திப் பிழைத்தவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று உழவர் மகனான பிங்கிரிக்குத் தோன்றியது. மனை உரிமையாளர்களிடம், விற்கும்வரை நிலத்தைப் பயிர் செய்யக் கொடுங்கள் என்று கேட்டார். பலர் கொடுத்தார்கள். கார்னீலியஸ் கார்டனர் என்ற இராணுவக் கேப்டனின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். உழவுக்கும் விதைக்கும் பணம் வேண்டியிருந்தது. தேவாலயங்களில் திரட்டிய நன்கொடை சொற்பமாக வந்தது. வசதி படைத்தவர்கள் கையை விரித்தார்கள். மேயர் தமக்கு அருமையான குதிரையை ஏலத்தில் விற்று அந்தப் பணத்தைக் கொடுத்தார். நகராட்சி ஊழியர்களிடமும் திரட்டினார்.

1894 ஜூன் மாதத்தில், பருவம் சற்றுத் தவறிய பிறகே, வேலை தொடங்கியது. சுமார் 430 ஏக்கர் நிலம் உழப்பட்டு, கால் ஏக்கரிலிருந்து அரை ஏக்கர் வரையிலான பாத்திகளாகப் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் விண்ணப்பித்தன. நிலம் கிடைத்தது 945 குடும்பங்களுக்கு. உருளைக்கிழங்கை முக்கியப் பயிராகவும், அதோடு அவரை, டர்னிப் போன்ற காய்களையும் பயிரிட்டார்கள். நாளிதழ்களில் கேலிச் சித்திரங்கள் வந்தன. சோம்பேறிகளிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் அதை விற்றுக் குடிப்பார்கள் என்றார்கள். விதைக்கிழங்கைத் தோண்டித் தின்றுவிடுவார்கள் என்றார்கள். மேயருக்கு உருளைக்கிழங்கு பிங்கிரி என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

அந்தக் கோடையில் மழை குறைவு. ஆனாலும் மக்கள் விடவில்லை. விடியற்காலையில் குடும்பத்தோடு நடந்து வந்து, பெண்கள் களை பறிக்க, பிள்ளைகள் இலையில் ஒட்டிய வண்டுகளைப் பொறுக்கி எடுக்க, ஒவ்வொரு பாத்தியும் பார்த்துப் பார்த்து வளர்க்கப்பட்டது. இலையுதிர்காலத்தில் அறுவடையைக் கணக்கிட்டபோது, விளைச்சலின் மதிப்பு செலவைப்போலச் சில மடங்கு, அதாவது 12,000 டாலருக்கும் மேல் என்று தெரிந்தது. குளிர்காலத்துக்கு வேண்டிய கிழங்கு வீட்டு நிலவறைகளில் நிறைந்தது; மிச்சத்தை விற்றவர்களும் உண்டு. நிவாரண நிதியை நம்பி வரிசையில் நிற்கும் கூட்டமும் குறைந்தது. கேலி செய்த ஏடுகள் குரலை மாற்றிக்கொண்டன. மறு ஆண்டு 1,500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா, சிகாகோ, பஃபலோ முதலிய நகரங்களிலிருந்து ஆள் அனுப்பி விவரம் கேட்டுப்போய், அங்கேயும் இத்தகைய தோட்டங்களை அமைத்தார்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மரியாதை. நிலம் வாங்கியவர் யாரிடமும் கையேந்தவில்லை. அவர் பயிரிட்டது அவருக்கே சொந்தம். என்ன விதைக்க வேண்டும், எப்படி உண்ண வேண்டும் என்று அறிவுரை சொல்ல எந்தக் கனவானும் அவர் வீட்டுக்கு வரவில்லை. ஏழைகளின் ஒழுக்கத்தைச் சோதித்த பிறகே உதவி செய்வது என்பது அந்தக் காலத்து அறநிறுவனங்களின் முறையாக இருந்தது. பிங்கிரி அந்தச் சோதனையைத் தூக்கி எறிந்தார். பசித்தவனிடம் நற்சான்று கேட்பதை அவர் ஏற்கவில்லை.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. தம்மை எதிர்த்தவர்கள் எல்லோரையும் விலைபோனவர்கள் என்று எண்ணிவிடும் முன்கோபம் அவருக்கு இருந்தது. அதிகாரம் தம் கையில் குவிவதையும் அவர் விரும்பினார். 1896 நவம்பரில் மிச்சிகன் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அது நன்றாகவே வெளிப்பட்டது. அந்நாட்டில் ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். பிங்கிரி அந்தப் பதவியோடு மேயர் பதவியையும் சேர்த்து வகிக்கப் பார்த்தார். டெட்ராய்டில் தொடங்கிய போராட்டங்கள் தாம் விலகினால் சரிந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். 1897 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம், ஒருவர் இரண்டு நாற்காலிகளில் அமர முடியாது என்று தீர்ப்பளித்தது. மேயர் பதவியை விட்டார். நீதிமன்றம் செய்தது சரி என்பதே என் கருத்து.

ஆளுநராக நான்கு ஆண்டுகள் இருந்தார். இருப்புப்பாதை நிறுவனங்கள் தங்கள் சொத்தின் மதிப்புக்கேற்ப வரி கட்டாமல், வருவாயில் ஒரு சிறு பங்கை மட்டும் கொடுத்துவந்தன. உழவரும் வீட்டுக்காரரும் தங்கள் சொத்தின் மதிப்புக்கு முழுவரி கட்டினார்கள். இந்த ஏற்றத்தாழ்வை நீக்க அவர் கொண்டுவந்த சட்டங்களை மாநில மேலவையின் பத்தொன்பது உறுப்பினர்கள் மீண்டும் மீண்டும் தடுத்தார்கள். 1899இல் ஒரு சட்டம் நிறைவேறியது. நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டெட்ராய்டின் டிராம் பாதைகளை நகராட்சியே வாங்கிக்கொள்ள வழி செய்யும் சட்டமும் அதே ஆண்டில் அவ்வாறே நீதிமன்றத்தில் விழுந்தது. தளராமல், பதவிக்காலம் முடியும் தறுவாயில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, இருப்புப்பாதை வரிக்கு வழி செய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தையே வாக்காளர்கள் முன் வைக்கச் செய்தார். 1900 நவம்பரில் மக்கள் அதற்குப் பெரும் ஆதரவு அளித்தார்கள்.

அவர் பெயரில் ஒரு கறையும் உண்டு. ஸ்பெயினோடு நடந்த போரின்போது மாநிலப் படைக்கு வாங்கிய உடுப்புகளைப் பழையன என்று குறைந்த விலைக்கு விற்று, அவற்றையே புதியன என்று கூடுதல் விலைக்கு மீண்டும் வாங்கிய மோசடியில் அவருடைய இராணுவ அதிகாரிகள் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். பதவியை விட்டு இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், அபராதம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, அவர்களுக்குப் பிங்கிரி மன்னிப்பு அளித்தார். பள்ளி வாரியத்தாரைக் கூட்ட அறையிலேயே கைது செய்தவர் தம்மோடு இருந்தவர்களுக்கு வேறு அளவுகோல் வைத்தது வருத்தம் தரும் செய்தி. அவர்மேல் பெருமதிப்பு வைத்திருக்கும் நான் அதை நியாயப்படுத்த மாட்டேன்.

1901 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் அவர் ஆப்பிரிக்காவுக்குப் பயணம் போனார். தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த போயர் போரின் நிலையைக் கண்டார், வேட்டைக்கும் போனார். திரும்பும் வழியில் வயிற்றுக் கடுப்பு நோய் முற்றியது. இலண்டனில் ஒரு விடுதியில் படுத்தவருக்கு மன்னர் ஏழாம் எட்வர்ட் தம் மருத்துவர்களை அனுப்பியும் பயனில்லை. ஜூன் 18ஆம் நாள், அறுபதாவது வயதில், காலமானார்.

டெட்ராய்ட் மக்கள் சில்லறைக் காசுகளாகச் சேர்த்த பணத்தில் 1904 மே மாதம் கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. பெரிய தனியார் நிறுவனங்களால் வரக்கூடிய ஆபத்தைப் பற்றி மக்களை முதன்முதலில் எச்சரித்தவர் என்றும், வரிவிதிப்பின் ஏற்றத்தாழ்வை முதலில் உணர்ந்தவர் என்றும், மக்களின் அன்புக்குரியவர் என்றும் அதன் பீடத்தில் பொறித்தார்கள். பின்னாளில் அமெரிக்க வரலாற்றாசிரியர்களிடம் நாட்டின் தலைசிறந்த மேயர்கள் யார் என்று கருத்துக் கேட்டபோது, அவருக்கு நான்காம் இடம் கிடைத்தது.

அவர் கண் மூடிய பிறகும் அவர் தொடங்கிய வழக்குகள் முடியவில்லை. மக்கள் ஏற்ற திருத்தத்தின்படி இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு மிச்சிகன் விதித்த புதிய சொத்துவரியை நிறுவனங்கள் எதிர்த்து நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போயின. 1906இல் அந்த நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1930களின் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்காக டெட்ராய்ட் மீண்டும் காலிமனைகளில் தோட்டம் போட்டது. 1922ஆம் ஆண்டு மே மாதத்தில், மேயர் ஜேம்ஸ் கூசன்ஸ் காலத்தில், மக்களின் வாக்கைப் பெற்று நகராட்சி டிராம் பாதைகள் அனைத்தையும் விலைக்கு வாங்கி, தானே வண்டிகளை ஓட்டத் தொடங்கியது.

நன்றி. வணக்கம்.